கால்வாய்க் கோழிக்கு வைத்த குறி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. பேர் என்னவோ ஃபைனல் செக்கிங். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு லைனிலிருந்து வருகிற ஒவ்வொரு ஷூவையும் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே ஒரு தையல் தாண்டியிருக்கிறது, எங்கே பசை பிதுங்கியிருக்கிறது, மாடு உயிரோடு இருந்த காலத்தில் உண்ணி கடித்த வடு எங்கே தெரிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்ததில் வீட்டிலும் என் கண் அம்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். தோசையில் ஒட்டும். வீட்டுக்காரரின் சட்டைக் காலரில் ஒட்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் மாலையில் நார் துருத்திக்கொண்டிருப்பதுதான் தெரியும்.

அப்படிப்பட்ட கண் நாற்பத்தெட்டு வயதில் மக்கர் பண்ணியது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றால், வருகிற பஸ்ஸின் போர்டு மழையில் நனைந்த மை மாதிரி கரைந்து தெரிந்தது. ஒரு நாள் வீட்டுக்குப் போகிற பஸ் என்று ஏறி உட்கார்ந்து, பாதி வழியில்தான் அது பேரணாம்பட்டு போகிறது என்று தெரிந்துகொண்டேன். மறுநாளே வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் சொட்டு மருந்து விட்டு, லைட் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. எப்பவும் பக்கத்துலயே பாக்குறீங்க, அதான் களைச்சுப் போவுது. அப்பப்ப தூரமா பாருங்க. மரம் மட்டை, காக்கா குருவி, எதுனா பாருங்க."

வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மருந்துச் சீட்டில்கூட எழுதவில்லை. நான்தான் அதை மருந்தாக எடுத்துக்கொண்டேன்.

என் கொழுந்தனார் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். ட்ரோன் வாங்கிய பிறகு பழைய கேமரா ஒன்றை பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தார். கேட்டதும் "எடுத்துக்கோங்க அண்ணி, சும்மாத்தான் கிடக்குது" என்று கொடுத்துவிட்டார். ஆனால் அதில் இருந்த லென்ஸில் குருவி வெறும் புள்ளியாகத்தான் விழுந்தது. அந்த வருஷ போனஸ் வந்ததும் சென்னையிலிருந்து ஒருவர் விற்ற பழைய டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றை வாங்கினேன். நானூறு எம்.எம். முன்னே பின்னே இழுக்கிற ஜூம் எல்லாம் கிடையாது. ஒரே தூரம்தான். வெயில் மறைக்கிற குழல் முகப்பை முனையில் மாட்டினால் முழங்கை நீளம் வரும்.

பார்சலைப் பிரித்தபோது வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதுகிறவர். இரண்டு பேரும் குறை எழுதியே சாப்பிடுகிறவர்கள் என்பதால் எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

"இன்னா இது, மோட்டார் பம்பா?"

"லென்ஸுங்க. தூரத்துல இருக்கறதைக் கிட்ட காட்டும்."

அவர் லென்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "டாக்டர் உன்னைத் தூரமா பாக்கச் சொன்னாரு. நீ தூரத்தைக் கிட்ட கொண்டாந்து பாக்கப் போறியா?"

நான் லென்ஸைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துணி துவைக்கிற கல், காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தோலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிற ஒரு சின்ன ஷெட். இவ்வளவுதான் என் காடு. முதல் மாசம் அந்தக் காட்டில் நான் எடுத்த படங்களில் ஒன்றுகூட பாஸ் ஆகவில்லை. குருவி உட்கார்ந்திருந்த கிளை நன்றாக வந்திருக்கும், குருவி இருக்காது. குருவி இருந்தால் தலை இருக்காது. தலை இருந்தால் அது இரண்டு தலையாக ஆடிப்போயிருக்கும். காக்காவின் பின்பக்கம் மட்டும் எத்தனை விதத்தில் உண்டு என்பதைப் பற்றி அந்த மாசத்தில் யார் கேட்டிருந்தாலும் பாடமே நடத்தியிருப்பேன்.

மெதுவாகத்தான் கற்றேன். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் இறக்கை ஆடாது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் கேமராவைப் பையில் போட்டுவிட வேண்டும். கை நடுங்காமல் இருக்க லென்ஸுக்குக் கீழே ஒரு மெத்தை வேண்டும். எங்கள் லைனில் தைக்கிற பெண்கள் கட்டிங்கில் விழுந்த தோல் துண்டுகளை வைத்து எனக்கு ஒரு தலையணை தைத்து, உள்ளே பச்சைப்பயறு ரொப்பிக் கொடுத்தார்கள். ஏற்றுமதித் தரம். ஒரு தையல் தாண்டவில்லை. பயறில் வண்டு வைத்தது வேறு விஷயம்.

என் ஆரஞ்சு நைட்டியைப் பார்த்தால் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடின. அதனால் பாத்ரூமுக்குள் போய் நின்று, ஜன்னலில் வீட்டுக்காரரின் பச்சை லுங்கியைத் தொங்கவிட்டு, நடுவில் ஓட்டை போட்டு லென்ஸை நீட்டினேன். இது நன்றாக வேலை செய்தது. தையல்சிட்டு ஜன்னலிலிருந்து நாலு எட்டு தூரத்தில் வந்து உட்கார்ந்தது. கதவுதான் தட்டப்பட்டது.

"எட்டு மணிக்கு டூட்டி. நான் குளிக்கணுமா வேணாமா?"

"சத்தம் போடாதீங்க. வந்திருக்குது."

"யாரு?"

"தையல்சிட்டு."

"அது குளிச்சுட்டுப் போன பிறகாவது வுடு" என்றார். லுங்கியில் ஓட்டை போட்டது அவருக்கு அப்போது தெரியாது.

இதற்கிடையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். மாவட்டத்தில் பறவைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். குழுவை நடத்துகிறவர் பேங்க்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். புரொபைல் படத்தில் பதினாறு பாக்கெட் வைத்த ஜாக்கெட்டும், தொட்டில் குழந்தை நீளத்துக்கு ஒரு லென்ஸுமாக நிற்பார். குழுவில் மரியாதை லென்ஸின் நீளத்தைப் பொறுத்தது. அறுநூறு எம்.எம். படம் போட்டால் அரை நிமிஷத்தில் முப்பது கைதட்டல். நானூறு போட்டால் நாலு. நான் என் தவிட்டுக்குருவி படத்தைப் போட்டேன். அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"மேடம், நல்ல முயற்சி. ஆனா கண்ணு ஷார்ப்பா இல்ல. பின்னாடி பைப்பு தெரியுது. அதோட இது ரொம்ப சாதாரண பறவை. வீட்டுப் பின்னாடி இருக்கறதை எல்லாம் எடுத்துப் போட்டா குரூப்போட தரம் கம்மியாயிடும்."

இருபது வருஷமாக மற்றவர்கள் செய்த வேலையில் நான் அம்பு ஒட்டியிருக்கிறேன். என் வேலையில் ஒருத்தர் அம்பு ஒட்டினது அதுதான் முதல் தடவை. ஒரு ராத்திரி சோறு இறங்கவில்லை. எங்கள் லைன் பெண்கள் என்னைப் பார்த்ததும் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. மறுநாள் மேஜைக்குப் போனதும் அது மறந்துவிட்டது.

தெருவிலும் பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு ஆப்பா (உருதுவில் அக்கா) ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர், என்னைவிட நாலு வயசு மூத்தவர். ஒரு நாள் நேராக வந்து நின்றார்.

"இன்னாம்மா, அந்தக் குழாய் எங்க மாடியையே பாக்குதே. துணி காயப்போட பேஜாரா இருக்குது."

நான் கேமராவையே அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கொண்டைக்குருவி, மைனா, மைனா, காக்கா. ஒரு படத்தில் நிறுத்தினார். கொடிக்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்த படம். நான் பெருமையாகப் பார்த்தேன்.

"இதைப் பெருசு பண்ணு." பண்ணினேன். "குருவியை இல்லம்மா. பின்னாடி, பின்னாடி." கரிச்சானுக்குப் பின்னால், மூன்றாவது வீட்டு மொட்டை மாடியில், மங்கலாக ஒரு பூப்போட்ட துணி காய்ந்துகொண்டிருந்தது. "எங்க வூட்டு பெட்ஷீட்! ரம்ஜானுக்கு வாங்கினது! காத்துல பறந்துபோச்சுன்னு இல்ல நெனச்சேன்?"

அன்று சாயங்காலமே பெட்ஷீட் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. அதோடு என் லென்ஸைப் பற்றி ஒரு புகழும் தெரு முழுக்கப் பரவியது. அந்தம்மா குருவி எடுக்கிற மாதிரிதான் இருக்கும், எல்லாத்தையும் எடுத்துடும் என்று. இந்தப் புகழ் எவ்வளவு தூரம் போகும் என்று நான் யோசிக்கவில்லை.

ஐப்பசி மழை நின்ற ஒரு வாரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் இல்லாத மோட்டார் இருமுகிற மாதிரி. துவைக்கிற கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். கால்வாய் ஓரத்துக் கோரைக்குள்ளிருந்து ஒரு கானாங்கோழி வெளியே வந்தது. முதுகு கருஞ்சாம்பல். முகமும் மார்பும் இப்போதுதான் சுண்ணாம்பு அடித்த வெள்ளை. ஒவ்வொரு எட்டுக்கும் வாலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. வாலுக்குக் கீழே செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. கவர்ன்மெண்ட் ஆபீசுக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி கால்வாயை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நடந்தது. அதற்குப் பின்னால் மூன்று குஞ்சுகள், பஞ்சை மையில் தோய்த்து உருட்டிவிட்ட மாதிரி.

அன்றிலிருந்து காலையில் டூட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் எனக்குக் கல்லின் மேல்தான். பயறுத் தலையணையைச் சுவரின் மேல் வைத்து, லென்ஸை அதன்மேல் வைத்து, கால்வாயைக் குறிபார்த்து நிற்பேன். கோழியின் கண் சிவப்பு. அந்தச் சிவப்பு ஷார்ப்பாக விழ எனக்கு மூன்று வாரம் ஆனது.

கால்வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஓடினது தண்ணீர் என்று சொன்னால் பொய். ஷெட்டில் அன்றைக்கு என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்பதைக் கால்வாயைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். திங்கள் டேன் என்கிற இளம்பழுப்பு, செவ்வாய் கருநீலம், ஏற்றுமதி சீசன் என்றால் கத்திரிப்பூ. தெருவில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். யாரும் புகார் கொடுத்ததில்லை. நானும்தான். எங்கள் தெருவில் தோலில் சோறு தின்னாத வீடு இரண்டோ மூன்றோ. குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நான், வீட்டுப் பின்னால் ஓடின குறைக்கு ஒரு அம்புகூட ஒட்டவில்லை. எனக்கு அப்போது இருந்த ஒரே வருத்தம் என்னவென்றால், பின்னணியில் கத்திரிப்பூ நிறம் விழுந்து படம் கெட்டுப்போகிறதே என்பதுதான்.

அது கெடவில்லை என்று குழு சொன்னது. கோழி படத்தை ஒரு தைரியத்தில் போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் குழுத் தலைவரின் குரல் வந்தது. குரலே மாறியிருந்தது.

"மேடம்! பறவை சாதாரணம்தான். ஆனா அந்தப் பேக்ரவுண்ட்! அந்த லாவண்டர்! நான் முப்பது வருஷமா எடுக்கறேன், இப்படி ஒரு தண்ணி பாத்ததில்ல. எந்த ஏரி?"

அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும். 'சூப்பர் கலர்.' 'வாட் எ லைட்.' 'எந்த ஏரி மேடம்?' 'காவேரிப்பாக்கமா?'

ஷெட்டுக் கால்வாய் என்று எழுத விரல் வைத்தேன். தவிட்டுக்குருவிக்கு அவர் சொன்னது ஞாபகம் வந்தது. 'அந்தப் பக்கம்தான் சார்' என்று எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் மூன்று காரில் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பெரிய ஏரி. கரை முழுக்க நடந்து, மதகு மதகாக நின்று கத்திரிப்பூத் தண்ணீரைத் தேடியிருக்கிறார்கள். மத்தியானம் தலைவர் போன் செய்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மேடம், கண்டுபுடிச்சிட்டேன்" என்றார் அவர். "அது சூரியனோட கோணம். ஐப்பசியில மட்டும்தான் அந்தக் கலர் விழும். நாங்க லேட்டா வந்துட்டோம்." அடுத்த வருஷத்துக்கு இப்போதே தேதி குறித்துவிட்டதாகவும் சொன்னார்.

அதே ஞாயிற்றுக்கிழமை, அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில், எங்கள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஷெட்டின் மேனேஜர். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் தெருப்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையிலும் பை. பைக்குள் இருந்தது என்னவென்று வாசனையே சொல்லியது. பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி, எல்லாம் தனித்தனி டப்பாவில்.

"வணக்கம் மேடம். சார் வணக்கம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மெதுவாகக் குரலைத் தணித்து, "எந்தப் பேப்பர் மேடம்?" என்றார்.

"எந்தப் பேப்பர்னா?"

"சேனலா?"

"புரியலீங்க."

"இல்ல, தினமும் காலைல சுவத்துமேல கேமரா வெச்சு எங்க கால்வாயை எடுக்குறீங்களே. பசங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. பெட்ஷீட்டைக்கூட கண்டுபுடிச்சிட்டீங்களாமே. அதான், நேரா பேசிடலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, நான் கோழி எடுக்குறேங்க. கானாங்கோழி."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "கோழி."

"ஆமாங்க. வெள்ளை முகம், செவப்புக் கண்ணு. மூணு குஞ்சு வேற."

"புரியுது மேடம். நல்லாவே புரியுது. நீங்க கோழின்னே சொல்லுங்க. நானும் கோழின்னே சொல்றேன்." எழுந்தார். "ஒரு பதினஞ்சு நாள் டைம் குடுங்க. கோழியை நாங்க சரி பண்ணிடறோம்."

படத்தை எடுத்துக் காட்டலாம் என்று கேமராவை எடுக்க உள்ளே போனேன். அது தப்பாகிவிட்டது. நான் லென்ஸோடு வெளியே வருவதைப் பார்த்ததும் மனுஷன் செருப்பைக் காலில் மாட்டியும் மாட்டாமலும் வண்டியில் ஏறிப் போய்விட்டார். பிரியாணியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் அப்போது இரண்டாவது டப்பாவைத் திறந்திருந்தார்.

"ஆறிப்போனா கறி வெறச்சுப்புடும். சாப்பிட்டுட்டு கோவப்படலாம்" என்றார்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. புதன்கிழமையே கால்வாய் நிறம் மாறியது. முதலில் டேன் இளம் டேன் ஆகி, பிறகு சோறு வடித்த கஞ்சி ஆகி, சனிக்கிழமை காலையில் உள்ளே கிடந்த செங்கல் தெரிந்தது. தெருவே வந்து பார்த்தது. ஆப்பா தையலை விட்டுவிட்டு வந்து, "அடியில இவ்ளோ கல்லு இருக்குதா?" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வாரம் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தேன்.

ஆனால் பயந்த மனுஷன் பாதியில் நிறுத்துவாரா? திங்கட்கிழமை ஆள்கள் வந்தார்கள். கோரையை வேரோடு பிடுங்கினார்கள். இரண்டு கரையையும் மண்வெட்டியால் செதுக்கினார்கள். பிளீச்சிங் பவுடரை வெள்ளை வெளேரென்று தூவினார்கள். நான் டூட்டியிலிருந்து வருவதற்குள் பாதிக் கால்வாய்க்கு மேல் சிமெண்டுப் பலகை போட்டாகிவிட்டது. கல்லின் மேல் ஏறிப் பார்த்தேன். கோரையும் இல்லை, கோழியும் இல்லை. மறுநாளும் ஏறினேன். பிளீச்சிங் நெடியில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கண் டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் வார்டு கவுன்சிலர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தெரு முனையில் நாலு நாற்காலி, ஒரு மைக். "கையில் கேமராவை ஏந்தி, தனி ஒரு பெண்மணியாய், கால்வாயை மீட்ட வீராங்கனை" என்று அவர் பேசினார். கடைசியில், இந்தக் கால்வாய்க்காகத் தான் எத்தனை தடவை மனு கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். மைக் என் கைக்கு வந்தது. "நான் கோழியைத்தான் எடுத்தேன். அது போய்டுச்சு" என்றேன். கூட்டம் கைதட்டியது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் கைதட்டவில்லை. வாட்சைப் பார்த்து, "கூட்டம் நாப்பது நிமிஷம் லேட்டா ஆரம்பிச்சுது" என்றார்.

பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தேன். மனசு மட்டும் அடங்கவில்லை. தெருவுக்கு நல்லது நடந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூன்று குஞ்சுகள் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் சோறு பிசைந்த கை நின்றுவிடும். ஊரே புகழ்கிற ஒரு காரியத்தில் எனக்கு மட்டும்தான் அம்பு ஒட்ட இடம் தெரிந்தது. அதை யாரிடம் காட்டுவது?

கடைசியில் அந்த மேனேஜரிடமே காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படங்களைக் கடையில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம், மோட்டார்தான் ரிப்பேர். சுத்தம் பண்ற ப்ளாண்ட்டுக்குப் போற பைப்பு முன்னாடியே இருந்தது. இப்ப மோட்டாரைச் சரி பண்ணிட்டோம். இனிமே ஒரு சொட்டு வராது" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

இத்தனை வருஷமாக எங்கள் மூக்கைப் பொத்தவைத்தது ஒரே ஒரு மோட்டார். நான் படங்களை மேஜையில் பரப்பினேன். கோழி நடக்கிறது. கோழி வாலைத் தூக்குகிறது. கோழி கால்வாயைக் குனிந்து பார்க்கிறது. பின்னால் மூன்று கறுப்புப் பஞ்சு உருண்டை. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார்.

"அப்ப நெஜமாவே கோழிதானா?"

"முதல் நாளே சொன்னேனே."

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு மாசமா சரியா சாப்பிடல மேடம். முதலாளிக்கு வேற போன் மேல போன். ஒரு கோழிக்கா?" கோபப்படுவார் என்று நினைத்தேன். குஞ்சு படத்தைத்தான் மறுபடி எடுத்தார். "இதுங்களைத்தானா வெரட்டிட்டோம்?" என்றார், ரொம்ப சின்னக் குரலில்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் படத்தைப் பார்த்ததுமே, "இதா சார்? புல்லு வெட்டின அன்னிக்கே பின்னாடி குட்டைக்குப் போய்டுச்சு. குஞ்சுங்களும் வரிசையா பின்னாடியே போச்சு. தினமும் பாக்குறேனே" என்றார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதன் ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கின குட்டை. மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். அரை மணி நேரம் நின்றோம். கோரைக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் வெளியே வரவில்லை. எனக்கு அது போதும். மேனேஜர் அங்கேயே வாட்ச்மேனிடம், "இந்தக் குட்டைப் பக்கம் யாரும் மண்வெட்டி எடுத்துட்டு வரக்கூடாது" என்றார்.

திரும்பி வரும்போது ஷெட்டு ஆள்கள் பன்னிரண்டு பேர் சட்டை மாற்றி, தலை வாரி, வாசலில் நின்றார்கள். பேப்பர்காரம்மா இல்லை, வெறும் போட்டோகாரம்மாதான் என்று அதற்குள் சேதி போயிருந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு குரூப் போட்டோ வேண்டுமாம்.

என் லென்ஸ் அதற்கு ஆகாது என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு மூக்கு மட்டும்தான் விழும். எல்லோரையும் மறுபடி காலி மனைக்கே கூட்டிப்போய், "பின்னாடி போங்க" என்றேன். பத்தடி போனார்கள். "இன்னும்." காலி மனையின் பாதி வரை போனார்கள். "இன்னும் போங்க!" மனையின் கடைசியில் சுவரில் முதுகு முட்டி நின்றார்கள். அவ்வளவு தூரத்துக்கு நான் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. அதனால் மேனேஜர் என் பக்கத்தில் நின்று, அந்தப் பக்கம் இருந்த ஒருவருக்கு போன் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போடு. மேடம் சொல்றதைக் கேளுங்க. ஆ, மேடம், சிரிக்கலாமான்னு கேக்குறாங்க."

"சிரிக்கச் சொல்லுங்க."

அப்படியும் மூன்று பேர்தான் சட்டத்துக்குள் வந்தார்கள். ஆனால் மூன்று பேர் கண்ணும் அவ்வளவு ஷார்ப். நடுவில் நின்றவர் காலையில் ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டதுகூடத் தெரிந்தது. பிரிண்ட்டைப் பார்த்த மற்ற ஒன்பது பேரும் சண்டைக்கு வந்தார்கள். அதனால் அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மூன்று பேராக நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். ஷெட்டு ஆபீசில் இப்போது நாலு படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மேனேஜர் மட்டும் எதிலும் இல்லை. நாலு தடவையும் போனைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றது அவர்தான்.